என்ஜின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா? எக்ஸெல்லில் ஒரு கணக்கு

வாசுதேவநல்லூரில் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வருபவர்களுக்கு எக்ஸெல் சொல்லித் தரும்போது மளிகைக் கணக்கும் மார்க் ஷீட்டும்தான் வழக்கமான பாடம். இரண்டாம் நாளே கொட்டாவி வந்துவிடும். அதனால் சில ஆண்டுகளாக வேறு ஒரு கணக்கைக் கொடுத்து வருகிறேன். வானத்தில் பறந்து கொண்டிருக்கும் விமானத்தில் என்ஜின்கள் எல்லாம் நின்றுவிட்டால் அது எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு. "கல் மாதிரி விழும் சார்" என்பதுதான் எப்போதும் வரும் முதல் பதில்.

விழாது. பயணிகள் விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கையில் என்ஜின்கள் நின்றாலும், அது இன்னும் 150 கிலோ மீட்டருக்கு மேல் சறுக்கிக் கொண்டே போகும். நம்பிக்கை வரவில்லை என்றால் கம்ப்யூட்டரை ஆன் செய்திடுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராமைத் திறந்து கொள்ளலாம். இந்தக் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

சைக்கிளும் சரிவும்

கணக்குக்கு முன்னால் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். செங்கோட்டை தாண்டிக் கேரளா போகும் மலைப்பாதையில் சைக்கிளில் இறங்கி வந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பெடல் மிதிக்க வேண்டாம். சரிவே வண்டியைத் தள்ளும். மேலே ஏறியபோது நீங்கள் சேர்த்து வைத்த உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்து தூரம் வாங்குகிறீர்கள். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் வழியில் கமிஷன் எடுத்துக் கொள்கின்றன.

என்ஜின் நின்ற விமானமும் இதையேதான் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. சைக்கிளுக்கு நெடுஞ்சாலைத் துறை சரிவைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. விமானம் தன் சரிவைக் காற்றில் தானே போட்டுக் கொள்ள வேண்டும். மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் அதன் எடையே அதை முன்னோக்கி இழுக்கும். வேகம் இருக்கும் வரை இறக்கை வேலை செய்யும். இறக்கை வேலை செய்யும் வரை விமானம் விழாது, சறுக்கும். இதற்குத்தான் கிளைடிங் என்று பெயர்.

இறக்கை எப்படித் தாங்குகிறது? ஓடும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டக் கூடாதுதான். ஆனால் சின்ன வயதில் நீட்டாதவர் யார்? உள்ளங்கையைத் தரை பார்க்க விரித்து, பெருவிரல் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் கை ஜிவ்வென்று மேலே போகும். கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று கையை மேலே தள்ளுகிறது. இது தூக்கு விசை. அதே நேரத்தில் கையைப் பின்னுக்கும் இழுக்கும். அது இழுவை. கையை அளவுக்கு மேல் நிமிர்த்தினால் தூக்கு விசை சட்டென்று குறைந்து, கை படபடத்துப் பின்னால் போய்விடும். விமானிகள் ஸ்டால் என்று அஞ்சுவது இந்தக் கடைசி நிலையைத்தான்.

(இறக்கையின் மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் ஒரே நேரத்தில் பின்முனையில் சந்திக்க வேண்டும், அதனால்தான் மேல்காற்று வேகமாகப் போகிறது என்று சில புத்தகங்களில் இருக்கும். அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. உண்மையில் மேல்காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.)

ஒரு அடி உயரத்தைச் செலவு செய்தால் எத்தனை அடி தூரம் கிடைக்கும்? இந்த எண்தான் சறுக்கு விகிதம். தூக்கு விசையை இழுவையால் வகுத்தாலும் இதே எண்தான் வரும். நான்கு பேர் செல்லும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்திற்கு இது ஏறக்குறைய 9. அதாவது 1 அடி இறங்கினால் 9 அடி முன்னே போகும். பெரிய ஜெட் விமானங்களுக்கு 15 முதல் 18 வரை. என்ஜினே இல்லாமல், ஒல்லியான நீண்ட இறக்கைகளோடு செய்யப்படும் இக்காலக் கிளைடர்களுக்கு 40, 50, அதற்கு மேலும் உண்டு.

மூன்று கட்டம் போதும்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, ஏ1 கட்டத்தில் "உயரம் அடியில்", பி1-ல் "விகிதம்", சி1-ல் "தூரம் கி.மீ." என்று தலைப்பு கொடுங்கள். ஏ2-ல் 5000 என்றும் பி2-ல் 9 என்றும் டைப் செய்திடவும். இனி சி2-ல் கிளிக் செய்து முதலில் சமக்குறி போடுங்கள். அடுத்து ஏ2-ல் மவுஸால் ஒரு கிளிக், பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, பி2-ல் ஒரு கிளிக், மீண்டும் நட்சத்திரக் குறி, 0.3048 என்ற எண், வகுத்தலுக்குச் சாய்வுக் கோடு, 1000. என்டர் தட்டுங்கள். 13.716 என்று விடை வரும்.

0.3048 எதற்கு என்று கேட்காமல் டைப் செய்துவிடாதீர்கள். ஒரு அடி என்பது 0.3048 மீட்டர். அடியை மீட்டராக்கி, மீட்டரைக் கிலோ மீட்டராக்க 1000-ஆல் வகுக்கிறோம். இந்த மாதிரியான ஒரு சின்ன எண்ணில் 69 பேரின் உயிர் தொங்கிய கதை பின்னால் வருகிறது.

அடுத்தடுத்த வரிகளில் ஏ பத்தியில் 5000 என்றே வைத்து, பி பத்தியில் 15, 40 என்று மாற்றிக் கொடுங்கள். ஃபார்முலாவைத் திரும்பவும் டைப் செய்ய வேண்டாம். சி2-ஐத் தேர்ந்தெடுத்தால் கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளுக்கும் கணக்கு தானே நிரம்பும். 15-க்கு 22.86, 40-க்கு 60.96 கிலோ மீட்டர். இன்னொரு வரியில் 35000-மும் 17-மும் கொடுத்தால் 181 கிலோ மீட்டர் வருகிறது பாருங்கள். மதுரைக்கு மேலே அந்த உயரத்தில் என்ஜின்கள் நின்ற ஜெட் விமானத்திற்குத் திருச்சி விமான நிலையமும் எட்டும், தூத்துக்குடியும் எட்டும்.

வெறும் எண்ணாகப் பார்த்தால் ருசிக்காது. இன்டர்நெட் இணைப்பு இருந்தால் பிரவுசரில் கூகுள் மேப்ஸ் திறந்து, வாசுதேவநல்லூர் மீது ரைட் கிளிக் செய்திடவும். வரும் மெனுவில் தூரம் அளக்கும் வசதி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து அடுத்த ஊரின் மேல் கிளிக் செய்தால் நேர்கோட்டு தூரம் கிடைக்கும். பஸ் போகும் தூரம் அல்ல. பறவை போகும் தூரம். எங்கள் ஊருக்கு மேலே 5,000 அடியில் செஸ்னாவின் என்ஜின் நின்றால் தெற்கே புளியங்குடிக்கும், வடக்கே சிவகிரிக்கும் தாராளமாகப் போய்விடலாம். சங்கரன்கோவில் நேர்கோட்டில் 15, 16 கிலோ மீட்டர் இருக்கும். கோபுரம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கொஞ்சம் இப்பாலேயே தரை வந்துவிடும்.

ஆடி மாதமாக இருந்தால் கதை மாறும். அப்போது மலையைத் தாண்டி மேற்கிலிருந்து அடிக்கும் காற்று எங்கள் பக்கத்தில் பிரசித்தம். கயத்தாறு, ஊத்துமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். செஸ்னா சறுக்கும் வேகம் மணிக்குச் சுமார் 120 கிலோ மீட்டர். 40 கிலோ மீட்டர் வேகக் காற்று முதுகில் தள்ளினால் தரையைப் பொறுத்தவரை அது 160 ஆகிவிடும். சங்கரன்கோவில் தென்கிழக்கே இருப்பதால் கிட்டத்தட்ட முதுகுக் காற்றுதான். 13.7 கிலோ மீட்டர் என்பது 17, 18 வரை நீளும், ஊரை எட்டிவிடலாம். அதே காற்றை எதிர்த்து மலையைப் பார்த்துப் போனால் 9-ஐத் தாண்டாது. டி பத்தியில் காற்றின் வேகத்தையும் சேர்த்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

எடை கூடினால் சீக்கிரம் விழுமா?

வகுப்பில் அடுத்து வரும் கேள்வி இதுதான். காலி விமானம் அதிக தூரம் போகும், ஆள் நிறைந்த விமானம் குறைவாகப் போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சறுக்கு விகிதத்தில் எடைக்கு இடமே இல்லை என்பதுதான் வேடிக்கை. எடை கூடினால் விமானம் அதே சரிவில் இன்னும் வேகமாக இறங்கும். தூரம் அதேதான், நேரம்தான் குறையும். பந்தயத்திற்குப் போகும் கிளைடர்களில் வேண்டுமென்றே இறக்கைகளுக்குள் தண்ணீர் நிரப்பிக் கொண்டு கிளம்புவார்கள். வேகம் கிடைக்க வேண்டும் அல்லவா? தரையிறங்கும் முன் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள்.

நம் மலையில் சறுக்குபவர்கள்

எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த வித்தையை மனிதனுக்கு வெகு காலம் முன்பே கற்ற பிராணிகள் இருக்கின்றன. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-ல் அமைந்த சரணாலயம் சாம்பல் நிற மலை அணிலுக்கானது. (அந்தக் காடுகள் மேகமலையோடு சேர்த்து 2021-ல் புலிகள் காப்பகமாயின.) அந்த அணில் கிளைக்குக் கிளை தாவும், சறுக்காது. சறுக்குவது வேறு ஒன்று, பறக்கும் அணில். இரவில் மட்டும் நடமாடுவதால் பலரும் பார்த்திருக்க மாட்டார்கள். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே தோல் விரிப்பு இருக்கும். மரத்திலிருந்து பாய்ந்ததும் நான்கு கால்களையும் விரித்தால் போர்வை விரித்தது போல ஆகிவிடும். விகிதம் பார்த்தால் 2, 3 என்ற அளவில்தான். செஸ்னாவுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் அதற்கு அடுத்த மரம் போனால் போதுமே.

மலையின் ஈரமான மேற்குச் சரிவுகளில், பாக்குத் தோப்புகளில்கூட, பறக்கும் ஓணான் இருக்கிறது. இதன் இறக்கையைத் தாங்குவது கால் அல்ல, விலா எலும்பு. நீண்டு வளர்ந்த விலா எலும்புகளைக் குடைக் கம்பி போல விரித்துக் கொள்ளும். கை சும்மா இருக்கிறது என்றே நீண்ட நாளாக நினைத்திருந்தார்கள். தென்னிந்தியாவில் இந்த ஓணானைப் படம் பிடித்து ஆராய்ந்து 2017-ல் வெளியான கட்டுரை வேறு விதமாகச் சொன்னது. மரத்தை விட்டதும் ஓணான் இரு கைகளாலும் இறக்கையின் முன் விளிம்பைப் பிடித்துக் கொள்கிறது. அதை இழுத்தும் வளைத்தும் திசை மாற்றுகிறது. மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பார் ஞாபகம் வருகிறது எனக்கு.

இந்தக் காடுகளில் விரல்களுக்கு இடையே பெரிய சவ்வு உள்ள தவளையும் சறுக்கும். பாம்புகூடச் சறுக்கும். பறக்கும் பாம்பு இனம் ஒன்றை அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். பாம்பு உடலைத் தட்டையாக்கிக் கொள்வது ஏற்கெனவே தெரியும். காற்றிலும் அது ஏன் நெளிந்து கொண்டே போகிறது என்பதுதான் கேள்வி. உயிருள்ள பாம்பிடம் "நெளியாமல் பற" என்று சொல்ல முடியாது. ஆகவே கேமராக்களில் பதிவான அசைவுகளை வைத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பாம்பைச் செய்தார்கள். புரோகிராமில் நெளிவை நிறுத்திப் பார்த்தபோது பாம்பு நிலை தடுமாறிக் கவிழ்ந்தது. நெளிவை விட்டால் நேராகச் சறுக்கியது. கம்ப்யூட்டர் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

மதிய நேரத்தில் வயலுக்கு மேலே இறக்கையை அசைக்காமல் வட்டமிடும் பருந்து இவர்களைவிட ஒரு படி மேல். அதுவும் காற்றில் இறங்கிக் கொண்டேதான் இருக்கிறது. ஆனால் வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்று அதைவிட வேகமாக மேலே போகிறது. மேலே ஏறும் எஸ்கலேட்டரில் மெதுவாகக் கீழே நடப்பது போல. தென் அமெரிக்காவின் காண்டோர் என்ற பெரிய கழுகுகளின் உடலில் பதிவுக் கருவி கட்டி ஆராய்ந்ததில், பறக்கும் நேரத்தில் 1 சதவீதம் மட்டுமே இறக்கையை அடிக்கின்றன என்று 2020-ல் தெரிய வந்தது. ஒரு பறவை 5 மணி நேரத்திற்கு மேல், சுமார் 172 கிலோ மீட்டர், ஒரு தடவைகூட இறக்கையை அடிக்கவில்லை. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2017-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் இதே வித்தையைச் சிறு கிளைடர் ஒன்றுக்குக் கற்றுக் கொடுக்க முயன்றார்கள். எங்கே காற்று எழுகிறது என்று அதன் கம்ப்யூட்டரே ஊகித்துத் தேடிப் போக வேண்டும். பருந்துக்கு இது பிறவிப் பாடம்.

தப்பான எண்ணால் பெருக்கியபோது

இப்போது அந்த 69 பேரின் கதை. 1983 ஜூலை 23. கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம், அப்போது புத்தம் புது மாடல், மான்ட்ரியலில் கிளம்பி ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். எரிபொருள் அளவைக் காட்டும் கம்ப்யூட்டர் கருவி வேலை செய்யவில்லை. எனவே டேங்கில் அளவுக் குச்சி விட்டுப் பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.803-ஆல் பெருக்க வேண்டும். கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக் கொண்டிருந்தது. பழக்கத்தில் இருந்த 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண்.

நம் ஷீட்டில் இரண்டாவது பக்கத்தைத் திறந்து இதையும் போடுங்கள். 7682-ஐ 1.77-ஆல் பெருக்கினால் 13,597. இதைக் கிலோ என்று எண்ணி, 22,300-லிருந்து கழித்து, மீதியை மீண்டும் 1.77-ஆல் வகுத்து, 4,916 லிட்டர் நிரப்பினால் போதும் என்று முடிவு செய்தார்கள். அந்த 1.77-ஐ மட்டும் அழித்துவிட்டு 0.803 கொடுத்துப் பாருங்கள். நிரப்பியிருக்க வேண்டியது 20,088 லிட்டர். தேவையில் பாதிகூட டேங்கில் இல்லாமல் விமானம் புறப்பட்டுவிட்டது. கணக்கைப் பலர் சரிபார்த்தார்கள். பெருக்கல் சரியாகவே இருந்தது. எண்தான் வேறு அளவுக்கு உரியது.

41,000 அடி உயரத்தில் பறந்து கொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, அடுத்தடுத்து இரண்டு என்ஜின்களும் நின்றன. மின்சாரத்தை என்ஜின்தான் தருகிறது என்பதால் விமானி முன்னால் இருந்த திரைகளும் இருண்டன. காற்றில் சுழலும் சிறு விசிறி ஒன்று கீழே இறங்கி, விமானத்தைத் திருப்பத் தேவையான அழுத்தத்தை மட்டும் கொடுத்தது. கேப்டன் பாப் பியர்சன் பொழுதுபோக்காகக் கிளைடர் ஓட்டிப் பழகியவர். எந்த வேகத்தில் சறுக்கினால் தூரம் அதிகம் என்று அவருடைய புத்தகத்தில் இல்லை. 220 நாட் இருக்கலாம் என்று தன் அனுபவத்தில் ஊகித்தார்.

துணை விமானி மொரிஸ் குயின்டால் செய்தது நாம் செய்த கணக்குதான். 10 கடல் மைல் போவதற்குள் 5,000 அடி இறங்கியிருந்தார்கள். ஒரு கடல் மைல் 6,076 அடி. 60,760-ஐ 5,000-ஆல் வகுத்தால் 12 சொச்சம். இந்த 12-ஐ வைத்துப் பார்த்தபோது வின்னிபெக் விமான நிலையம் எட்டாது என்று தெரிந்தது. கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளம் எட்டும். குயின்டால் அங்கே பணியாற்றியவர். அந்த ஓடுபாதையில் ஒரு பகுதி கார் பந்தயத் தடமாகிவிட்டது அவருக்குத் தெரியாது. அன்று பந்தயமும் நடந்து கொண்டிருந்தது.

நெருங்கியபோது உயரம் அதிகமாக இருந்தது. என்ஜின் உள்ள விமானம் என்றால் ஒரு சுற்று சுற்றி வரலாம். இதில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. பியர்சன் கிளைடர்காரர்களின் உத்தியைக் கையாண்டார். ஒரு பக்கம் சாய்த்து, மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பி, விமானத்தைக் குறுக்காகச் சறுக்க விட்டார். இழுவை கூடி, வேகம் கூடாமல் உயரம் மட்டும் குறைந்தது. முன் சக்கரம் பூட்டிக் கொள்ளவில்லை. மூக்கு தரையில் உரசிக் கொண்டே போய் நின்றது. விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். சிலருக்குச் சிறு காயம். அந்த விமானம் பழுது பார்க்கப்பட்டு 2008 வரை பறந்தது. கிம்லி கிளைடர் என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட சம்பவம் இது ஒன்றல்ல. 2001 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேலே எரிபொருள் கசிந்து தீர்ந்துபோன ஏர்பஸ் ஏ330 விமானம், 306 பேரோடு சுமார் 120 கிலோ மீட்டர் சறுக்கி அசோர்ஸ் தீவில் இறங்கியது. 2009 ஜனவரி 15-ல் வாத்துக் கூட்டத்தில் மோதி என்ஜின்களை இழந்த ஏ320 நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கியதைப் பலரும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதில் 155 பேரும் தப்பினார்கள். அந்த விமானத்துக்கு இருந்தது சுமார் 3,000 அடி உயரம்தான். ஷீட்டில் 3000-மும் 17-மும் கொடுத்தால் 15.5 கிலோ மீட்டர் காட்டும். ஆனால் திரும்புவதற்கும் யோசிப்பதற்கும் உயரம் செலவாகும். அந்தப் பத்தி நம் ஷீட்டில் இல்லை.

சித்ரதுர்காவில் ஆள் இல்லாத சறுக்கல்

நம் நாட்டிலும் ஒரு கிளைடர் செய்தியாகியது. அதை ஓட்டியது கம்ப்யூட்டர். விண்வெளிக்குப் போய்த் திரும்பி வரும் வாகனத்தைச் செய்ய இஸ்ரோ உருவாக்கிய புஷ்பக் என்ற சிறகு வாகனம் அது. கர்நாடகாவின் சித்ரதுர்காவில் உள்ள சோதனைத் தளத்தில் 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 என மூன்று முறை இறக்கிப் பார்த்தார்கள். விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் அதைத் தொங்கவிட்டுத் தூக்கிப் போய் 4.5 கிலோ மீட்டர் உயரத்தில் விட்டது. மூன்றாம் சோதனையில் ஓடுபாதைக்கு நேராக விடாமல் 500 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி விட்டார்கள். வாகனம் தானே கணக்குப் போட்டுப் பாதைக்குத் திரும்பி இறங்க வேண்டும். இறங்கியது.

முதல் சோதனையில் விடப்பட்ட இடம் ஓடுபாதையிலிருந்து 4.6 கிலோ மீட்டர். உயரம் 4.5, தூரம் 4.6. அந்த நிலமே கடல் மட்டத்துக்குச் சில நூறு மீட்டர் மேலே இருக்கிறது என்பதைச் சேர்த்தாலும் விகிதம் ஒன்றைச் சற்றே தாண்டும். பறக்கும் அணில் அளவுகூட இல்லை! வானத்திலிருந்து வெப்பத்தைத் தாங்கி வர வேண்டிய வாகனத்துக்குக் குட்டையான இறக்கைதான் வைக்க முடியும். அதனால் இறங்கும் வேகமும் பயங்கரம். பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 260 கிலோ மீட்டரில் தரை தொடும் என்றால், இது 320-ஐத் தாண்டித் தொட்டது. உடனே பின்னால் பாராசூட் விரிந்து வேகத்தை 100-க்குக் குறைத்தது. என்ஜின் இல்லை, விமானி இல்லை. நொடிக்குப் பலமுறை நம் சி2 கட்டம் மாதிரியான கணக்கைப் போட்டுக் கொண்டே போன கம்ப்யூட்டர் மட்டும்தான்.

நீங்களே ஓட்டிப் பாருங்கள்

ஃப்ளைட்கியர் என்ற விமானப் பயிற்சி புரோகிராம் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. 1997-ல் தொடங்கி உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி வருவது. பைல் பெரியது; டேட்டா குறைவாக உள்ளவர்கள் யோசித்து டவுண்லோட் செய்யவும். கிராபிக்ஸ் வசதி குறைந்த பழைய கம்ப்யூட்டரில் படம் திக்கித் திக்கி ஓடும்.

இன்ஸ்டால் செய்ததும் விமானமாக செஸ்னா 172-ஐயும், இடமாக மதுரையையும் தேர்ந்தெடுங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். செஸ்னாவுக்கான மெனுவில் ஆட்டோஸ்டார்ட் என்று இருப்பதைக் கிளிக் செய்தால் என்ஜின் கிளம்பும். பேஜ் அப் கீ வேகம் கூட்டும், பேஜ் டவுன் குறைக்கும். 5,000 அடி ஏறியதும் பேஜ் டவுன் கீயை அழுத்திப் பிடித்து என்ஜின் சக்தியை அடி வரைக்கும் குறைத்துவிடுங்கள். திகைக்க வேண்டாம். நடுவில் யோசிக்க வேண்டுமானால் ஆங்கில பி எழுத்துக் கீயைத் தட்டினால் எல்லாம் அப்படியே நிற்கும்.

இப்போது இரண்டு கருவிகளைப் பாருங்கள். ஒன்று வேகம், நாட் கணக்கில். இன்னொன்று நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குகிறீர்கள் என்பது. ஒரு நாட் என்றால் நிமிடத்துக்கு 101.3 அடி. எனவே வேகத்தை 101.3-ஆல் பெருக்கி, இறங்கும் அடியால் வகுத்தால் சறுக்கு விகிதம். 65 நாட் வேகத்தில் 700 அடி என்று காட்டினால் விடை 9.4. இதற்கும் ஷீட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். வேகத்தை 55, 65, 80, 95 என்று மாற்றி, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் நிலையாக வைத்து எண்ணைக் குறித்துக் கொண்டு, இன்செர்ட் மெனுவில் சார்ட் வரைந்து பாருங்கள். நடுவில் ஒரு மேடு தெரியும். அந்த மேடு எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் விமானத்தின் நல்ல வேகம். பியர்சன் அன்று இருட்டில் தேடிய எண்ணும் இது போன்றதுதான்.

தரை நெருங்க நெருங்க, ஓடுபாதை எட்டாது போலத் தெரியும்போது, மூக்கைத் தூக்கச் சொல்லி மனசு கேட்கும். தூக்கினால் வேகம் 50-க்குக் கீழே போகும், எச்சரிக்கை ஒலி கேட்கும், அடுத்த நொடி விமானம் தலைகுப்புறச் சாயும். ஒரு தடவை வேண்டுமென்றே 4,000 அடியில் இதைச் செய்து பாருங்கள். மூக்கைத் தாழ்த்தி வேகத்தை 65-க்குக் கொண்டு வந்ததும் விமானம் மீண்டும் சறுக்கத் தொடங்கும். அதற்குள் எத்தனை அடி உயரம் போனது என்று பார்த்து, அந்த எண்ணையும் ஷீட்டில் ஏற்றுங்கள்.